கரடுமுரடான பாதைக்கு எந்தப் பழைய வண்டி?



வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் என்றவுடன் மும்பையின் நெருக்கமான குடியிருப்புகளும், டில்லியின் அலுவலகங்களும், பெங்களூரின் தொழிற்கூடங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இடுக்கி மலையில் ஏலத் தோட்டம் வைத்திருப்போர், குடகில் காப்பித் தோட்டத்தை மேற்பார்வை செய்வோர், வடகிழக்கு எல்லையில் சாலை போடும் வேலையில் இருப்போர், அந்தமான் தீவுகளில் குடியேறிப் பயிர் செய்வோர் என்று இன்னொரு சாராரும் நம்மில் உண்டு. அவர்களுக்குத் தார்ச் சாலை முடிகின்ற இடத்திலேதான் வீட்டிற்குப் போகும் பாதை தொடங்குகிறது. உரமூட்டை, விளைபொருள், தண்ணீர்த் தொட்டி, சில வேளைகளில் பிரசவ வலி கண்ட பெண் ஆகிய எல்லோரும் எல்லாமும் அந்தப் பாதை வழியாகத்தான் போய்வர வேண்டும். ஆகவே, பின்புறம் திறந்த சரக்குத் தட்டும் நான்கு சக்கரங்களிலும் இயங்கும் வலுவும் உடைய ஒரு வண்டி அவர்களுக்கு ஆடம்பரப் பொருள் அன்று, வேலைக்கருவி.

அத்தகைய வண்டியைப் புதிதாக வாங்குவது எல்லோருக்கும் இயலுவதில்லை. இரண்டு வரிசை இருக்கைகள் கொண்ட பெரிய வகை பிக்கப் இன்று இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் விலையாகிறது. ஆகையால் பெரும்பாலோர் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். அப்படித் தேடும்போது எதைப் பார்ப்பது, எதை ஒதுக்குவது, பல வண்டிகளுக்குள் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றையப் பேச்சின் பொருள்.

முதலாவதாக, நான்கு சக்கர இயக்கம் என்பது என்ன என்று சிறிது தெளிவு பெற்றுக்கொள்வோம். சாதாரண வண்டியில் யந்திரத்தின் விசை பின்சக்கரங்கள் இரண்டிற்கு மட்டுமோ, முன்சக்கரங்கள் இரண்டிற்கு மட்டுமோ போய்ச் சேருகிறது. அந்த இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரக் கூட்டு இருக்கிறது. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். உட்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரம் உருண்டால் போதும். இந்த வேற்றுமைக்கு இடங்கொடுப்பதே டிஃபரன்ஷியலின் பணி. ஆனால் அதற்கு ஒரு குறையும் உண்டு. எந்தச் சக்கரம் எளிதில் சுழல்கிறதோ அதையே அது சுழற்றும். ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது கெட்டித் தரையிலும் இருந்தால், சேற்றில் இருப்பது வீணே சுழன்றுகொண்டிருக்கும். கெட்டித் தரையில் இருப்பது அசையாது. நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் விசை பகிர்ந்து போவதால், ஒரு முனை வழுக்கினாலும் மறுமுனை இழுத்துக்கொள்கிறது. ஆயினும் முன்னே ஒரு சக்கரமும் பின்னே எதிர்ப்பக்கத்து ஒரு சக்கரமும் பிடிப்பு இழந்தால், சாதாரண நான்கு சக்கர வண்டியும் நின்றுதான் போகும். நான்கு சக்கர இயக்கம் பெரிய உதவி, மந்திரக்கோல் அன்று.

அதைவிட முக்கியமான இன்னொரு சாதனம் இவ்வகை வண்டிகளில் இருக்கிறது. அதுதான் தாழ்ந்த கியர் வரிசை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் விசையைப் பங்கிட்டுத் தருகிற டிரான்ஸ்ஃபர் பெட்டியில் இந்த வரிசை அமைந்திருக்கிறது. இதை இணைத்தால் வண்டியின் வேகம் பாதிக்கும் கீழே குறைந்து, சக்கரத்தின் முறுக்கு விசை இரு மடங்கிற்கு மேல் பெருகும். செங்குத்தான ஏற்றத்தில் நடை வேகத்தில் ஏறவும், இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் யந்திரத்தின் பிடியிலேயே இறங்கவும் இதுவே வழி. மலைநாட்டில் வண்டி வாங்குபவர் நான்கு சக்கரம் உண்டா என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது; தாழ்ந்த வரிசை உண்டா, அது வேலை செய்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் பேசப்போகும் பழைய வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் இணைக்கப்பட்டவுடன் இறுகப் பிணைந்து ஒரே அளவாகச் சுழலும். காய்ந்த தார்ச் சாலையில் இப்படி ஓட்டித் திருப்பினால் பற்சக்கரங்களில் முறுக்கு ஏறிப் பழுதாகும். மண், சேறு, மணல், பனி ஆகிய நெகிழ்ந்த தரையில் மட்டுமே அதை இணைக்க வேண்டும். முன்னிருந்த சொந்தக்காரர் இதை அறியாதவராக இருந்தால், அதன் விளைவை வாங்குபவரே சுமக்க நேரிடும்.

இனி, பழைய வண்டி என்பதாலேயே அது மட்டமானது என்று எண்ணிவிடக் கூடாது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டில் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த டீசல் வண்டிகள் காற்றைக் குறைவாகவே மாசுபடுத்துகின்றன; இது நாட்டிற்கு நன்மையே. ஆனால் அதற்காகப் புகையை வடிகட்டும் கருவிகளும், உணர்கருவிகளும், மின்னணுக் கட்டுப்பாடுகளும் நிறையச் சேர்ந்துள்ளன. காட்டோரச் சிற்றூரில் அவை பழுதானால் கணினி வைத்துள்ள பட்டறையைத் தேடி நகரத்திற்குத்தான் வர வேண்டும். பழைய வண்டியின் எளிமையே அதன் பலம். அதே சமயம், எளிமையான வண்டியும் துருவுக்கும் தேய்மானத்திற்கும் தப்பியதன்று. இந்த இரண்டையும் தராசுத் தட்டுகளில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் சந்தையில் கிடைக்கும் வண்டிகளை இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மாருதி ஜிப்ஸி. 1985-இல் வெளிவந்து, 2019-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகள் பெரிய மாறுதல் இல்லாமலே தயாரான வண்டி இது. கண்டிப்பாகச் சொன்னால் இது பிக்கப் அன்று. ஆயினும் துணிக்கூரை உள்ள வகையில் பின் இருக்கைகளை எடுத்துவிட்டால் சிறு சுமைகளை ஏற்றலாம் என்பதால் தோட்டக்காரர்கள் பலர் இதையே நாடுகிறார்கள். இதன் எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோதான். நீளம் நான்கு மீட்டர். எடை குறைந்த வண்டி சேற்றில் ஆழப் புதைவதில்லை. புதைந்தாலும் நாலு பேர் கைகொடுத்தால் வெளியே வந்துவிடும். குறுகிய மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் முன்னும் பின்னும் நகர்த்தாமல் திரும்பிவிடும். 1996 முதல் வந்த 1.3 லிட்டர் பெட்ரோல் யந்திரம் நல்ல உழைப்பாளி. குறைகளையும் சொல்ல வேண்டும். சுமை ஏற்றும் திறன் குறைவு. பெட்ரோல் செலவு அதிகம். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் ஆகையால் பயணம் உடம்பை உலுக்கிவிடும். உற்பத்தி நின்றுவிட்டபடியால் நல்ல நிலையில் உள்ளவை அருகி, விலை ஏறிவிட்டது. தாமே ஓட்டிச் சென்று மேற்பார்வை பார்ப்பவருக்கு ஏற்றது. தினமும் பத்து மூட்டை சுமப்பவருக்கு ஏற்றதன்று.

அடுத்தது மகிந்திரா பொலீரோ கேம்பர் வண்டியின் நான்கு சக்கர வகை. 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கிய நிறுவனத்தின் வண்டி இது. அந்த ஜீப்பின் உழவுமாட்டுக் குணம் இதிலும் தொடர்கிறது. இரண்டரை லிட்டர் டீசல் யந்திரம் வேகத்திற்குப் பேர்போனதன்று. ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் பண்பு உண்டு. மலையில் வேண்டுவது அதுதான். இமாசலத்தின் ஆப்பிள் பெட்டிகள் முதல் கேரள மலைகளின் விளைபொருள் வரை சுமக்கிற குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், உதிரிப் பொருள் சிற்றூரிலும் கிடைக்கும். கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பார். சத்தம் அதிகம், சொகுசு குறைவு, நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓட்டக் களைப்பு உண்டாகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேம்பர் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு சக்கர இயக்கம் உள்ளவையே. பெயரைக் கேட்டு மகிழ்ந்துவிடாமல், குனிந்து பார்த்து, முன் அச்சிற்குத் தண்டு போகிறதா என்று கண்ணால் கண்டு தெளிய வேண்டும்.

மூன்றாவது வகையில் இரண்டு வண்டிகளைச் சேர்த்துச் சொல்லலாம். ஒன்று டாட்டா ஜெனான். மற்றது மகிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்டவே. இரண்டும் சுமார் 2007 முதல் 2010 வரையுள்ள காலத்தில் நம் சாலைகளுக்கு வந்தவை. இரண்டும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமானவை. கார் போன்ற முன்னறையும், அதன்பின் சரக்குத் தட்டும் உடையவை. 2.2 லிட்டர் டீசல் யந்திரம் பொருத்தப்பட்டவை நல்ல வலுவுள்ளவை. குடும்பத்தோடு தொலைதூரம் செல்லவும் தகுதியானவை. இவற்றில் நான்கு சக்கர இயக்கத்தை இணைப்பது நெம்புகோலால் அன்று; மின்விசைக் குமிழால். குமிழைத் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் மேலுள்ள சிறு மோட்டார் பற்சக்கரங்களை நகர்த்தும். சேறும் நீரும் புகுந்து அந்த மோட்டாரும் கம்பி இணைப்புகளும் கெடுவதுண்டு. பல ஆண்டுகள் தொடாமலே விட்டிருந்தால் குமிழைத் திருப்பியும் உள்ளே ஒன்றும் நகராது. சமிக்ஞை விளக்கு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்த விளக்கு நிலைத்து எரிகிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். மேலும் இவ்வகை டீசல் யந்திரங்களில் எரிபொருள் மிக உயர்ந்த அழுத்தத்தில் நுண்ணிய துளைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. பீப்பாயில் வாங்கி வைத்த அழுக்கு டீசலை ஊற்றினால் அந்தப் பீய்ச்சிகள் கெட்டு, பெருஞ்செலவு வைக்கும்.

நான்காவது ஈசூசு டி-மாக்ஸ் வி-கிராஸ். தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே ஆந்திரத்திலுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் 2016-இலிருந்து தயாராகிறது. பி.எஸ்.6 விதிக்கு முந்திய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் 2.5 லிட்டர் டீசல் யந்திரம் இருக்கிறது. தரையிலிருந்து அடிப்பாகம் 225 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நாம் பார்த்த நான்கில் மிகவும் வலுவானதும், சொகுசானதும், விலை மிகுந்ததும் இதுவே. ஆனால் நீளம் ஏறத்தாழ 5.3 மீட்டர், எடை ஏறத்தாழ 1,900 கிலோ. மணற்பரப்பிலும் அகன்ற காட்டுவழியிலும் இது ராஜநடை போடும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றைத்தடப் பாதையில் திருப்புவதற்குள் ஓட்டுபவருக்கு வியர்த்துவிடும். பழுது பார்க்கும் நிலையங்களும் மற்றவற்றைவிடக் குறைவு.

இவை தவிர ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்யப்பட்டு ஏலத்தில் வெளிவந்த ஜோங்கா போன்ற வண்டிகளும் உண்டு. அவற்றின் கம்பீரத்தில் மயங்காதவர் இல்லை. நான்கு லிட்டர் அளவுள்ள பெட்ரோல் யந்திரத்திற்குத் தீனி போடவும், உதிரிப் பொருளுக்கு ஊர் ஊராக அலையவும் நேரமும் பணமும் உள்ளவர் அவற்றைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் பிழைப்பிற்கு வேண்டாம்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் பலர் வண்டியின் குதிரைத் திறனையும் தோற்றத்தையும் ஒப்பிட்டுக் காலம் கழிக்கிறார்கள். நாம் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். என் பாதை எவ்வளவு அகலம்? என் சுமை எவ்வளவு எடை? என் வண்டி நின்றுபோனால் அதை எழுப்பக்கூடிய கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

பாதையைப் பற்றி முதலில் சொல்வோம். வண்டியின் முன் முனைக்கும் முன்சக்கரத்திற்கும் இடையே நீட்டம் அதிகமாக இருந்தால் ஏற்றத்தின் அடியில் மூக்கு இடிக்கும். பின் முனை நீண்டிருந்தால் இறங்கி முடிக்கும்போது வால் இடிக்கும். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடைவெளி நீண்டிருந்தால் மேட்டின் உச்சியில் வயிறு உட்கார்ந்துவிடும். பிக்கப் வண்டிகளுக்கு வாலும் வயிறும் இயல்பாகவே நீளம். எனவே குண்டும் குழியுமான குறுகிய பாதைக்குக் குட்டை வண்டியே மேலானது. நீரரிப்பில்லாத மண்பாதை, ஆற்றுமணல், பாலைநிலம் ஆகியவற்றிற்கு நீண்ட வண்டியும் பொருந்தும்.

சுமையைப் பற்றி ஒரு சொல். பிக்கப்பின் பின்பாகம் சுமைக்காகவே செய்யப்பட்டது. தட்டு காலியாக இருக்கும்போது பின்சக்கரங்களின் மேல் எடை குறைந்து, நனைந்த ஏற்றத்தில் அவை எளிதில் வழுக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் இரண்டு மணல்மூட்டைகளைப் பின் அச்சிற்கு நேர் மேலே வைத்துக் கட்டிக்கொள்வார்கள். அளவிற்கு மேற்பட்ட சுமையோ மலைச்சரிவில் உயிருக்கே ஆபத்து. உயரமாக அடுக்கிய சுமை சாய்வான பாதையில் வண்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்துவிடும்.

மூன்றாவது கேள்வியே தலையாயது என்பது என் துணிபு. டார்ஜிலிங் பகுதியில் மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்திற்குச் செங்குத்துப் பாதை ஒன்று செல்கிறது. அந்தப் பாதையில் 1950-களைச் சேர்ந்த லேண்ட் ரோவர் வண்டிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரயாணிகளைச் சுமந்தன. அவை அழியாத உலோகத்தால் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்த மனிதர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள்; அதுதான் இரகசியம். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளும் அப்படித்தான் உயிர் வாழ்கின்றன. ஆகவே நீங்கள் குடியிருக்கும் ஊரில் எந்த வண்டி அதிகமாக ஓடுகிறது என்று பாருங்கள். உள்ளூர் மெக்கானிக்கை அணுகி, அவர் எதை அஞ்சாமல் பிரித்துப் பூட்டுவார் என்று கேளுங்கள். அவர் மொழி நமக்குப் புதிதாயிருக்கலாம்; அவர் கை அறிந்த வண்டியே நமக்கு உகந்த வண்டி. உறவினர் அருகில் இல்லாத ஊரில், நள்ளிரவில் கூப்பிட்டால் வருபவர் அவர்தாம்.

வண்டியின் வகையைத் தீர்மானித்த பிறகு, குறிப்பிட்ட ஒரு வண்டியைச் சோதிக்கும் வேலை இருக்கிறது. நல்ல பெயருள்ள கெட்ட வண்டியைவிட, சாதாரணப் பெயருள்ள நல்ல வண்டி மேல். பகல் வெளிச்சத்தில் போங்கள், மழையில் போகாதீர்கள். நனைந்த உடலில் சொட்டையும் சாயமும் தெரியா. விற்பவரிடம், நாங்கள் வரும்வரை யந்திரத்தைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குளிர்ந்த யந்திரம் கிளம்பும் விதத்திலேயே அதன் உடல்நிலை தெரிந்துவிடும்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். இதுவே வண்டியின் முதுகெலும்பு. யந்திரத்தை மாற்றலாம், கியர்ப் பெட்டியை மாற்றலாம். அடிச்சட்டம் போனால் வண்டியே போயிற்று. கடற்கரை ஊர்களிலும் தீவுகளிலும் ஓடிய வண்டிகளில் உப்புக்காற்றால் துரு உள்ளிருந்தே அரித்திருக்கும். முன்னறைக்கும் சரக்குத் தட்டிற்கும் நடுவிலும், பட்டை ஸ்பிரிங் பூட்டிய இடங்களிலும் சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல இரும்பு. மந்தமாக ஒலித்தால் உள்ளே உதிர்ந்திருக்கிறது. புதிதாகக் கருஞ்சாயம் பூசியிருந்தால் ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். பற்றவைத்த தழும்பும், இரு பக்கமும் ஒத்திராத வளைவும் வண்டி ஒருமுறை கவிழ்ந்ததைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து எண்ணெய். டிஃபரன்ஷியலின் மூடித் திருகைக் கழற்றி, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஆற்றைக் கடந்த வண்டி அது. இரும்புப் பொடி மினுமினுத்தால் பற்கள் தேய்கின்றன. யந்திரம் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை வேகமாக அடித்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. சூடேறிய பின்பும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை ஓயாமல் வந்தால் பீய்ச்சியிலோ தலைப்பாகத்திலோ கோளாறு. ஏற்றத்தில் கரும்புகை மிகுந்தால் காற்றும் எரிபொருளும் சரியான அளவில் கலக்கவில்லை.

பிறகு ஒரு மண் தரைக்கு வண்டியை ஓட்டிச் செல்லுங்கள். நான்கு சக்கர இயக்கத்தையும் தாழ்ந்த வரிசையையும் மாற்றி மாற்றி இணைத்துப் பாருங்கள். இணைந்த பிறகு முன்சக்கரங்களும் மண்ணைக் கிளறுகின்றனவா என்று ஒருவர் கீழே நின்று கவனிக்க வேண்டும். கியர் தானாக விலகி வந்தால், திரும்பும்போது முன்சக்கரத்தருகே கடகடவென்று சத்தம் கேட்டால், அவற்றைச் சரிசெய்யும் செலவை விலையிலே குறைத்துப் பேசுங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவா என்று பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அளவு டயர் போட்டு நான்கு சக்கரத்திலும் ஓட்டிய வண்டியின் பற்சக்கரங்கள் உள்ளுக்குள் முறுக்குண்டு நொந்திருக்கும்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்கு யோசிப்பாருண்டு. கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டாம். நாலில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். எல்லா எண்ணெய்களையும் மாற்றவும், பிரேக்கைப் புதுப்பிக்கவும், நல்ல டயர் வாங்கவும் அது வேண்டும். கரடுமுரடான பாதையில் வண்டிக்கும் பூமிக்கும் உள்ள உறவு டயர் ஒன்றுதான். வழுக்கை டயருள்ள நான்கு சக்கர வண்டியைவிட, நல்ல டயருள்ள இரண்டு சக்கர இயக்க வண்டி சேற்றில் நன்றாகப் போவதும் உண்டு.

இனிக் காகிதங்கள். வெளி மாநிலத்தில் இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தில் சாலை வரியும் கட்ட வேண்டும். ஊரில் மலிவாகக் கிடைக்கிறது என்று தமிழ்நாட்டில் வாங்கி மலையேற்றிக்கொண்டு வருபவர், இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் மலிவு மறைந்துபோகக் கூடும். கடன் பாக்கி ஏதும் பதிவுப் புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா, சொந்த உபயோக வண்டியா வாடகைச் சரக்கு வண்டியா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்தால் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் கார் வகை வண்டிகளுக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதன் பின்னரும் மிகப் பழைய வண்டிகளுக்கு ஏறியிருக்கிறது. டில்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும், 2018-இல் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தன. 2025-இல் அந்த விவகாரம் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து புதிய உத்தரவுகள் பிறந்தன. எனவே அவ்வட்டாரத்தில் வசிப்பவர்கள் வாங்குகின்ற நாளில் உள்ள நிலையைப் பதிவு அலுவலகத்திலேயே கேட்டறிவது நலம்.

வண்டியின் உருவத்தை மாற்றும் ஆசையும் பலருக்கு உண்டு. தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவுபடுத்தியது. முன்புறத்தில் கனத்த இரும்புச் சட்டம் பொருத்துவதும் விதிக்கு மாறானது. மாற்றங்கள் மிகுந்த வண்டியை வாங்கினால் தகுதிச் சோதனையிலும் விபத்து நேர்ந்தபின் காப்பீட்டிலும் தொல்லை வரும்.

ஓட்டும் முறை குறித்து இரண்டொரு வார்த்தைகள். ஆழம் பார்க்காமல் காலை விடாதே என்ற பழமொழி ஆற்றைக் கடக்கும் வண்டிக்கும் பொருந்தும். இறங்கி, கோலால் ஆழமும் தரையும் பார்த்த பின்பே வண்டியை விடுங்கள். வெள்ளம் இழுத்தோடும் நீரில் எந்த வண்டியையும் விடாதீர்கள். இறக்கத்தில் தாழ்ந்த வரிசையின் முதல் கியரில் இறங்குங்கள், கிளட்சை மிதிக்காதீர்கள். புதைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது கயிற்றின் நீளத்திற்குள் எவரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. மாலையில் வேலை முடிந்ததும் கூலியாட்களையும் குழந்தைகளையும் சரக்குத் தட்டில் ஏற்றி வருவது தோட்டப்புறங்களில் வழக்கமாகிவிட்டது. அந்தத் தட்டு மூட்டைக்காகச் செய்யப்பட்டது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முன்னறையில் இருப்பவர் பட்டையால் பிணைக்கப்பட்டுத் தப்புவார். தட்டில் இருப்பவர் தூக்கியெறியப்படுவார். நம்மை நம்பி ஏறுகிறவர்களின் உயிருக்கு நாமே பொறுப்பு. ஆட்களை ஏற்றிச் செல்வதே உங்கள் முதல் தேவையானால், பிக்கப்பை விடுத்து, இருக்கைகள் உள்ள வேறு வண்டியைத் தேடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், குறுகிய பாதையும் சிறு சுமையும் உள்ளவருக்கு ஜிப்ஸி. நாள்தோறும் சுமை இழுக்க வேண்டியவருக்குப் பொலீரோ கேம்பரின் நான்கு சக்கர வகை. நெடுஞ்சாலையும் காட்டுவழியும் கலந்த பிரயாணத்திற்கு ஜெனான் அல்லது கெட்டவே. அகன்ற நிலமும் வசதியும் அருகே பழுதுநிலையமும் உள்ளவருக்கு வி-கிராஸ். எதுவாயினும் துருவற்ற அடிச்சட்டம், உண்மையாகவே இணைகிற தாழ்ந்த வரிசை, நேரான காகிதங்கள் ஆகிய இந்த மூன்றும் இல்லாத வண்டியை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். இவை மூன்றும் இருந்து, கூப்பிட்ட குரலுக்கு வரும் ஒரு மெக்கானிக்கும் இருந்தால், அந்தப் பழைய வண்டி இன்னும் பல மழைக்காலங்கள் உங்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்.